பிள்ளைகள் முதலில் பார்ப்பது டீச்சர் முகத்தை

போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அறந்தாங்கி பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் டீக்கடை வாசலில் ஒரு லோடு ஆட்டோ. கடைக்குள்ளிருந்து யாரோ, "டேய் குழாய், டீ ஆறுது வாடா" என்று கத்தினார்கள். வண்டியில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த பையன் திரும்பினான். திரும்பியவன் என்னைப் பார்த்துவிட்டான். கயிற்றை அப்படியே போட்டுவிட்டுச் சாலையைக் கடந்து ஓடி வந்து, "டீச்சர், நல்லா இருக்கீங்களா? எந்த ஊருக்குப் போறீங்க?" என்று என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். பஸ் வரும்வரை கூடவே நின்றான். ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

அவனுக்கு 23, 24 வயது இருக்கும். அந்தப் பட்டப்பெயர் வந்தபோது ஆறு வயது. அது என் வகுப்பறையில் வந்தது. என்னால் வந்தது.

2006-இல் வேலைக்குச் சேர்ந்தேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. நாலாவதும் அஞ்சாவதும் தலைமை ஆசிரியருக்கு, ஒன்றிலிருந்து மூன்று வரை எனக்கு. முப்பத்து நாலு பிள்ளைகள், ஒரே நீள அறை, மூன்று வரிசை. ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருடம் குழந்தை உளவியல் படித்திருந்தேன். பாடக்குறிப்பு எழுதுவதில் நல்ல பெயர் வாங்கியிருந்தேன். வகுப்பு அமைதியாக இருந்தால்தான் நல்ல டீச்சர் என்று நினைத்திருந்த வயது. அதனால் முதல் வாரமே ஒரு சட்டம் போட்டேன்: இன்டர்வெல் மணி அடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

அன்றைக்குக் கரும்பலகையில் 'ட', 'ப' எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெண் பிள்ளை, "டீச்சர், இவன் ஒண்ணுக்குப் போயிட்டான் டீச்சர்" என்றது. திரும்பிப் பார்த்தால் முன்வரிசைப் பையனின் காலடியிலிருந்து ஈரம் தரையில் ஓடி என் செருப்பு வரைக்கும் வருகிறது. "அய்யய்யோ" என்று சொல்லிக்கொண்டே சேலையைத் தூக்கிப் பிடித்து இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அவ்வளவுதான் செய்தேன். திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் மூன்று வரிசையும் சேர்ந்து சிரித்தது. மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் அவனுக்கு 'குழாய்' என்று பெயர் வந்திருந்தது. அஞ்சாவது முடித்துப் போகும்வரை அந்தப் பெயர்தான். எத்தனையோ தடவை அதட்டிப் பார்த்தேன். என் எதிரில் நிறுத்தினார்கள், மரத்தடியில் கூப்பிட்டார்கள்.

அப்போதிருந்த ஹெச்.எம். சார் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தவர். அன்று சாயங்காலம் வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டே சொன்னார்: "டீச்சர், பசங்க தண்ணியப் பாத்துச் சிரிக்கல. நீங்க பின்னால நகர்ந்தீங்கல்ல, அதப் பாத்துத்தான் சிரிச்சாங்க." எனக்கு அன்று கோபம்தான் வந்தது. புதிதாக வந்தவளைக் குறை சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது முழுசாகப் புரிய இன்னும் இரண்டு மூன்று சம்பவங்கள் நடக்க வேண்டியிருந்தது.

சின்னப் பிள்ளைகளுக்குத் திடீரென்று ஒன்று நடந்தால் அது நல்லதா, கெட்டதா, பயப்பட வேண்டியதா, சிரிக்க வேண்டியதா என்று தெரியாது. அறையில் இருக்கிற பெரிய ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். ஒரு பிள்ளைக்கு என்ன ஆனாலும் மற்ற முப்பத்து மூன்று பேரும் முதலில் திரும்புவது நம் பக்கம். நம் முகத்தில் அருவருப்பு தெரிந்தால் அந்தப் பிள்ளை அருவருப்பான பிள்ளை ஆகிவிடுகிறது. அதை மாற்ற அப்புறம் ஒரு வருடம் முயன்றாலும் முடிவதில்லை.

இந்த வேலையில் பாதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் சத்துணவு ஆயா. எழுதப் படிக்கத் தெரியாது. அடுத்த வருடம் ஒரு நாள் ஒரு சின்னப் பெண்ணுக்கு அதேபோல் ஆகிவிட்டது. நான் எழுந்திருப்பதற்குள், குடிதண்ணீர்ப் பானையை நிரப்ப வந்தவர் கையிலிருந்த குடத்தைச் சாய்த்து அரைக் குடம் தண்ணீரை அந்த இடத்திலேயே ஊற்றிவிட்டார். "அடடா, கை தவறிப்போச்சே, புள்ள பாவாடையெல்லாம் நனைஞ்சுபோச்சே, வா ஆத்தா, வேற மாத்திவிடுறேன்" என்று அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. ரெண்டு பையன்கள் ஓடிப்போய்த் துடைப்பதற்குச் சாக்கு எடுத்து வந்தார்கள்.

அதன்பிறகு நானும் பலமுறை தண்ணீரைக் கொட்டியிருக்கிறேன். பொய்தான். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் நடத்துகிறவள் செய்கிற காரியமா என்று ஒரு தோழி கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளையின் மானத்துக்கு அந்தப் பொய் தேவைப்படுகிறது, சொல்கிறேன். இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

ஆனால் தண்ணீர் கொட்டுவதைவிட முக்கியமானது, அந்த நிலைமையே வராமல் பார்ப்பது. அந்த முன்வரிசைப் பையன் அன்றைக்கு ஏன் உட்கார்ந்த இடத்திலேயே போனான்? எழுந்திருக்கக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன், அதனால் போனான். இப்போது என் வகுப்பு வாசலில் ஓர் ஆணியில் சிவப்பு பிளாஸ்டிக் வளையல் ஒன்று தொங்கும். யாருக்கு அவசரமோ அவர்கள் என்னைக் கேட்காமலேயே அதை மாட்டிக்கொண்டு போய் வரலாம். ஆணியில் வளையல் இல்லையென்றால் ஒருவர் வெளியே இருக்கிறார் என்று எனக்கும் தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கேட்பதற்குக் கூச்சம், அடக்கத் தெரியாது, நேரம் தெரியாது. வளையல் வந்த முதல் வாரம் எல்லாரும் மாறி மாறிப் போனார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து தேவைப்பட்டவர்கள் மட்டும் போகிறார்கள்.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு மஞ்சப்பை இருக்கிறது. நாலு அரைக்கால் சட்டை, மூன்று பாவாடை, பழைய துண்டு, சோப்பு, இரண்டு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், ஒரு பழைய போர்வை. துணியெல்லாம் வளர்ந்த பிள்ளைகளின் அம்மாக்கள் கொடுத்தது. வாசல் ஓரம் ஒரு வாளி மணல், வாந்திக்கு. மணல் போட்டு மூடினால் வாடையும் போகும், அடுத்தவருக்குக் குமட்டலும் வராது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் என்னைக் கேட்டால், பாடக்குறிப்புக்கு முன்னால் இந்தப் பையைத் தயார் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஹெச்.எம். சார் சொன்னதைப் புரியவைத்த சம்பவங்களில் ஒன்று, இந்தப் புளியங்கொட்டைக் கதை.

2007-08-இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. பாடப்புத்தகத்துக்குப் பதில் அட்டைகள், எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படி அட்டவணை, சுவரின் கீழ்ப்பாதியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை, தலைக்கு மேலே அவர்கள் வரைந்த படங்களைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். நானும் தரையில் உட்கார்ந்தேன். எண்ணிப் படிக்கப் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் சோழியும் கொண்டுவந்து வைத்தேன். பிள்ளைகளுக்கு அதெல்லாம் உயிர்.

ஒருநாள் எண்ணிக் கொடுத்த பத்துக் கொட்டையில் ஒரு பையனிடம் ஒன்பதுதான் இருந்தது. "ஒண்ணு எங்கடா?" என்றேன். மூக்கைக் காட்டினான். சிரித்துக்கொண்டுதான் காட்டினான். அவனுக்கு வலியே இல்லை. நான்தான் "ஐயோ" என்று அலறினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் கோணியது, விசும்பி அழ ஆரம்பித்தான். அழும்போது மூக்கை உள்ளே உறிஞ்சினான். கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த கொட்டை இன்னும் உள்ளே போய்விட்டது. போதாததற்கு நான் தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து நோண்டப் பார்த்தேன். ரத்தம் வந்ததுதான் மிச்சம். ஹெச்.எம். சார் வந்து என் கையைப் பிடித்தார்.

அவன் அம்மா களையெடுத்துக்கொண்டிருந்த வயலிலிருந்து அப்படியே சேற்றுக் காலோடு ஓடி வந்தார். மூவருமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா கருவி எதையும் முதலில் எடுக்கவில்லை. அம்மாவை மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ளச் சொன்னார். கொட்டை இல்லாத பக்கத்து மூக்குத் துளையை விரலால் மூடிக்கொண்டு, முத்தம் கொடுக்கிற மாதிரி பிள்ளையின் வாயோடு வாய் வைத்துச் சட்டென்று ஒரு ஊது ஊதச் சொன்னார். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவை கொட்டை பொத்தென்று வெளியே வந்து அம்மாவின் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்த முறையிலேயே வந்துவிடும் என்றார் டாக்டரம்மா. எதையாவது விட்டு நோண்டினால் பொருள் உள்ளே தள்ளப்பட்டு மூச்சுக்குழாய்க்குப் போகும் ஆபத்து உண்டு. விதை என்றால் மூக்கின் ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும், அதனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. பொம்மையிலும் கடிகாரத்திலும் இருக்கிற வட்ட பட்டன் பேட்டரியாக இருந்தால் அது சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், எனக்கு யாரும் இதை முன்னால் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

புளியங்கொட்டையை நிறுத்தவில்லை. முதல் வகுப்புக்கு மட்டும் பெரிய கூழாங்கல், பனங்கொட்டை என்று மாற்றினேன்.

இதேபோல் நாம் கைவிட வேண்டிய பழக்கங்கள் சில உண்டு. பங்குனி வெயிலில் சில்லு மூக்கு உடைந்து ரத்தம் வந்தால் உடனே பிள்ளையை அண்ணாந்து பார்க்கச் சொல்வோம். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்திதான் வரும். உட்காரவைத்து, தலையை முன்னால் குனியவைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பது, பல்லுக்கு நடுவே கரண்டி வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. அந்த ஐந்து நிமிடம் மற்ற பிள்ளைகளுக்கும் ஒரு வேலை வேண்டும். எங்கள் வகுப்பில் நான் இரண்டு முறை கை தட்டினால் மூன்றாம் வகுப்புப் பெரியவர்கள் சின்னவர்களை ஆளுக்கு ஒருவராகக் கைபிடித்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் எண்ணிக்கை சொல்ல வேண்டும். மாதம் ஒரு தடவை விளையாட்டுப்போல் செய்து பார்ப்போம்.

ஒரு மழைக்காலத்தில் சாரைப்பாம்பு ஒன்று ஓட்டு இடுக்கிலிருந்து அட்டை வைத்திருந்த தட்டில் விழுந்தபோது அந்தக் கைதட்டல்தான் உதவியது. பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பாம்பு வந்ததே மரத்தடிக்குப் போன பிறகுதான் தெரியும். என் கால் நடுங்கியது உண்மை. முகத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டேன்.

அடுத்துச் சொல்லப்போவது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

2014-இல் இரண்டாம் வகுப்பில் ஒரு பெண். தமிழ் நன்றாக வாசிப்பாள். ஆனால் வாசித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிடுவாள். கண் திறந்திருக்கும், பார்வை எங்கோ நிற்கும். எட்டுப் பத்து விநாடி. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி வாசிப்பைத் தொடர்வாள். நான் சொன்னதில் பாதி அவள் காதில் விழாது. "எந்த உலகத்துல இருக்க நீ?" என்று கேட்பேன். பல நாள் கேட்டிருக்கிறேன். கொஞ்ச நாளில் பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்தார்கள். விளையாட்டில் பந்தைத் தவறவிட்டால், தட்டை நீட்ட மறந்தால், "எந்த உலகத்துல இருக்க நீ?" என்று என் குரலிலேயே, என் இழுவையோடு.

ஒருநாள் அவள் பக்கத்தில் உட்காரும் பெண் எழுந்து நின்று சொன்னாள்: "டீச்சர், திட்டாதீங்க. அவளுக்கு அப்பப்ப கேக்காது. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் கேக்கும். நான் தொட்டாக்கூடத் தெரியாது."

தொட்டால்கூடத் தெரியாது என்று ஒரு ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. எட்டு வருடம் வேலை பார்த்த எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஒரு வாரம் அவளை மட்டும் கவனித்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டேன். ஒரே காலையில் பதினாலு கோடு. நிறுத்தும்போது இமை லேசாகப் படபடப்பதையும் அப்போதுதான் பார்த்தேன்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அப்பத்தா, "காத்து கருப்பு பட்டிருக்குன்னு மந்திரிச்சுக் கயிறு கட்டியிருக்கோம் டீச்சரம்மா" என்றார். கயிறு இருக்கட்டும், டாக்டரிடமும் காட்டுவோம் என்று அம்மாவையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனேன். நோட்டையும் எடுத்துக்கொண்டேன். டாக்டர் ஒரு காகிதத் துண்டை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்து, அது ஆடும்படி விடாமல் ஊதச் சொன்னார். இரண்டு நிமிடம் ஊதியிருப்பாள். எங்கள் கண்முன்னாலேயே நின்றுவிட்டாள், பத்து விநாடி. பின்னர் மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனையிலும் உறுதியானது. இதுவும் வலிப்பில் ஒரு வகைதான். விழுவதும் இல்லை, வெட்டி இழுப்பதும் இல்லை. பள்ளி வயதில் வரும், ஒரு நாளைக்குப் பல தடவை வரும், கவனக்குறைவு என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்தில் கட்டுப்படும், பலருக்கு வளர வளர நின்றும் போகும்.

மருந்து தொடங்கிச் சில வாரங்களில் நோட்டில் கோடுகள் குறைந்தன. ஆனால் வகுப்பில் நான் விதைத்த அந்த வாக்கியம் இருந்ததே. அதை எடுக்க ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. எல்லாரையும் பாயில் உட்காரவைத்து, "நான் இவளத் திட்டினது தப்பு. இவளுக்கு உடம்புல ஒரு சின்னப் பிரச்சனை, காய்ச்சல் மாதிரி. மருந்து சாப்பிடுறா. எனக்கு முன்னால தெரியல. உங்கள்ல ஒருத்திக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அவ சொன்னா" என்றேன். முன்பே அம்மாவிடம் அனுமதி வாங்கியிருந்தேன். அந்தப் பெண்ணிடமும் கேட்டிருந்தேன். சொல்லி முடித்ததும் ஒரு பையன், "அப்ப நீங்க சாரி சொல்லணும்ல டீச்சர்?" என்றான். சொன்னேன். அன்றைக்குப் பிறகு அந்த வாக்கியத்தை என் வகுப்பில் யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

பிள்ளைகள் முன்னால் ஆசிரியர் தவறை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் போனதில்லை.

கடிக்கிற பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 2017 வாக்கில் கோழிப்பண்ணை வேலைக்கு வந்த பீகார் குடும்பத்துப் பையன் ஒருவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். முதல் வாரத்திலேயே மூன்று பேரைக் கடித்துவிட்டான். கடிபட்ட பெண்ணின் அப்பா வந்து, "ரெண்டு போடு போடுங்க டீச்சர், சரியாப் போயிரும்" என்றார். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்திருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். சட்டம் இல்லாவிட்டாலும் நான் அடித்திருக்க மாட்டேன். கடிக்கிற பிள்ளையை அடித்தால், பெரிய ஆள் சின்ன ஆளை வலிக்கச் செய்யலாம் என்பதைத்தான் மொத்த வகுப்பும் கற்றுக்கொள்ளும்.

எப்போது கடிக்கிறான் என்று பார்த்தேன். கிரேயான் டப்பா சுற்றி வரும்போதும், தண்ணீர்ப் பானைக்கு அருகிலும்தான். வேறு எங்கும் இல்லை. எல்லாப் பிள்ளையும் "குடு, குடு" என்று கேட்டு வாங்குகிற இடம். அவனுக்கு அந்த வார்த்தை இல்லை. அவன் இந்தியில் கேட்ட "தோ", அதாவது "குடு", எங்கள் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஒருநாள் வட்டமாக உட்காரவைத்து ஒரு பந்தைச் சுற்றவிட்டோம். வாங்குகிறவர் இந்தப் பக்கம் திரும்பினால் "குடு", அந்தப் பக்கம் திரும்பினால் "தோ". ஒரு வாரம் விளையாடினோம். கடி நின்றது. அந்த வருடம் முழுக்க எங்கள் பிள்ளைகள் என்னிடமே "டீச்சர், சாக்பீஸ் தோ" என்று கையை நீட்டினார்கள். அடுத்த வருடம் அந்தக் குடும்பம் வேறு எங்கோ போய்விட்டது. அவன் கற்ற தமிழ் இப்போது அவனிடம் இருக்குமா என்று சில சமயம் நினைப்பேன்.

எல்லாப் பிரச்சினைக்கும் வகுப்பறைக்குள் காரணம் தேடக் கூடாது என்பதையும் தாமதமாகத்தான் கற்றேன். பத்தரை மணிக்கு வருகிற அழுகை, வயிற்றுவலி, காரணமில்லாத சண்டை, பிரார்த்தனையில் மயங்கி விழுவது, இதற்கெல்லாம் நான் எத்தனையோ உத்தி செய்து பார்த்திருக்கிறேன். பாட்டு, கதை, பொம்மலாட்டம். 2023 ஆகஸ்ட் 25 முதல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளியிலும் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் வேக ஆரம்பித்தன. அந்தப் பத்தரை மணி அழுகை ஒரு மாதத்துக்குள் அநேகமாக இல்லாமல் போனது. பசியைத்தான் நான் அத்தனை வருடம் பாட்டுப் பாடிச் சமாளித்திருக்கிறேன்.

போன வருடம் நடந்தது இது. இரண்டாம் வகுப்பு, எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் நடுவிலுள்ள 'மொட்டு' நிலைப் பிள்ளைகளுக்குக் கழித்தல். கரும்பலகைக் கணக்கு போதும், இனி நீங்களே ஒரு கழித்தல் கதை சொல்லுங்கள் என்றேன். கை தூக்கிச் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எழுதினேன். ஒருவன் எட்டு முட்டையில் மூன்றைக் காக்கா கொத்திப்போனதாகச் சொன்னான். 8 − 3 = 5. ஒருத்தி பத்து ரூபாயில் நாலு ரூபாய்க்குத் தேன்மிட்டாய் வாங்கினாள். 10 − 4 = 6. எல்லாருக்கும் உற்சாகம்.

மூன்றாவதாக ஒரு பெண் கை தூக்கினாள். மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் அப்பா விபத்தில் இறந்திருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்ததிலிருந்து அதிகம் பேசாமல் இருந்தவள். கை தூக்கியதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"எங்க வீட்ல அஞ்சு பேரு டீச்சர். அப்பா செத்துப் போயிட்டாரு. இப்ப நாலு பேரு."

சாக்பீஸ் கையில் அப்படியே நின்றது. இருபத்தொரு பிள்ளைகளும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு அந்த ஒரு விநாடியில் தோன்றியது எல்லாமே தப்பான காரியங்கள். ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பது, அழுவது, "சரி உக்காரும்மா, அடுத்து யாரு" என்று கடந்துவிடுவது. மூன்றும் தொண்டை வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. சரியான விடை சொன்ன பிள்ளையின் முகம்தான் அது, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

அவள் அருகில் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். "அப்பா பேரு என்ன?" என்றேன். சொன்னாள். அப்பா என்ன வேலை செய்வார் என்று பக்கத்துப் பையன் கேட்டான். மரம் அறுக்கப் போவார் என்றாள், தைலமரம், சட்டையெல்லாம் அந்த வாசம் வரும் என்றாள். இன்னொருவன், "எங்க தாத்தாவும் செத்துப் போயிட்டாரு, ஆனா எங்க வீட்ல தம்பி பொறந்துட்டான், அதனால அதே ஏழு பேருதான்" என்றான். ஒரு பெண் எழுந்து போய் அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் பயப்படவில்லை. நான் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கரும்பலகைப் பக்கம் போனேன். அடுத்த பிள்ளையைக் கேட்கலாம் என்று வாயெடுத்தபோது அவள் குரல் கேட்டது.

"டீச்சர், என்னோடத எழுதலையே?"

காக்கா கொத்திய முட்டைக்கும் தேன்மிட்டாய்க்கும் கீழே, அதே அளவில் எழுதினேன். 5 − 1 = 4. அவள் குனிந்து தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, சரியா என்று காட்ட எடுத்து வந்தாள். எல்லாருக்கும் போடுகிற மாதிரி ஒரு டிக் போட்டுக் கொடுத்தேன்.